இரட்சிப்பு பற்றி வேதபாடம் எடுப்பது எப்படி?

ஒரு மணி நேர வேதபாடத்துக்கு எபேசியர் 2:1-10 ஒன்றே போதும். வசனங்களை அடுக்கிக்கொண்டே போனால் பக்கம் புரட்டுவதிலேயே நேரம் கரைந்துவிடும்.

முதலில் பகுதி முழுவதையும் இரண்டு முறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பலர் 9ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு, கிரியைகளினால் அல்ல என்ற பவுல், அடுத்த வசனத்திலேயே நற்கிரியைகளுக்காக நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார். அதை விட்டால் பாதி உபதேசம்தான் மிஞ்சும்.

அடுத்து, பலகையில் மூன்று பத்தி வரையுங்கள். இரட்சிப்பில் நடந்து முடிந்ததற்கு எபேசியர் 2:8. நடந்துகொண்டிருப்பதற்கு 1 கொரிந்தியர் 1:18. இனி வரப்போவதற்கு ரோமர் 5:9. நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல், மகிமைப்படுதல் என்று சபைகளில் சொல்வது இவற்றைத்தான். “பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்” என்னும் பிலிப்பியர் 2:12ஐ முதல் பத்தியில் போட்டால், மன்னிப்பையே உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்றாகிவிடும். நல்ல விசுவாசிகளும் கலங்கிப்போவது இங்கேதான். அதன் இடம் இரண்டாவது பத்தி. 13ஆம் வசனத்தையும் சேர்த்தே வாசியுங்கள்: விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே.

“அப்படியானால், மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் யாக்கோபு 2:24?” என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். இதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், அவசரப்படவே கூடாது. ரோமர் 4இல் பவுல் எடுப்பது ஆதியாகமம் 15: ஆபிரகாம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. அதே வசனத்தை யாக்கோபும் சொல்கிறார். ஆனால் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த 22ஆம் அதிகாரத்தில் அது நிறைவேறியது என்கிறார். பசித்து நிற்கும் சகோதரனிடம் “சமாதானத்தோடே போ” என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிற விசுவாசத்தைத்தான் அவர் செத்தது என்கிறார்.

வெவ்வேறு சபையினர் இருந்தால் வேறுபாடுகளை மறைக்காதீர்கள். நீதிமானாக்கப்படுதலில் உள்ளான புதுப்பித்தலும் அடங்கும் என்று 1547இல் கத்தோலிக்கச் சபையின் திரெந்து சங்கம் தீர்மானித்தது. கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் இதுபற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எல்லா வேறுபாடும் அதோடு தீரவில்லை. கிழக்கு மரபுவழிச் சபைகள் 2 பேதுரு 1:4ஐ முன்வைத்து, திவ்விய சுபாவத்தில் பங்கடைவதையே இரட்சிப்பின் நிறைவாகக் காண்கின்றன.

“நான் இரட்சிக்கப்பட்டேனா?” என்று யாராவது தனியே வந்து கேட்டால், பலகையை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து 1 யோவான் 5:11-13ஐ நிதானமாக வாசியுங்கள்.