ஆல்பா 0.70-ஐத் தாண்டினால் போதுமா? தமிழாக்கிய அளவுகோலைச் சோதிக்கும் முறை

வேற்றுமொழி உளவியல் அளவுகோல் (ஒரு பண்பை அளக்கும் கூற்றுகளின் தொகுப்பு) ஒன்றைத் தமிழாக்கி ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தும் மாணவர்கள் பலர், கணினி தரும் குரோன்பாக் ஆல்பா 0.70-ஐத் தாண்டியதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, அதாவது அளவீடு எவ்வளவு சீரானது என்னும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதியை மட்டுமே அந்த எண் காட்டுகிறது. அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்னும் ஏற்புடைமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மோரிஸ் ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோலை எடுத்துக்கொள்வோம். அதில் 10 கூற்றுகள். பாதி நேர்மறை, பாதி எதிர்மறை. விடைகளுக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண் இட்டால், எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணை 5-லிருந்து கழித்த பிறகே கூட்ட வேண்டும். இதை மறந்தால் ஆல்பா சரியும். அப்போது கூற்றுகளை நீக்கத் தொடங்காமல், முதலில் தரவுத்தாளைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது தமிழில் எழும் சிக்கல். பெருமைப்படத் தன்னிடம் அதிகம் இல்லை என்று பொருள்படும் கூற்றை ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் "இல்லைங்க" என்றால், ஆமாம், ஒன்றுமில்லைதான் என்கிறாரா, அப்படி நினைப்பதில்லை என்கிறாரா? இதற்கு அஞ்சி எதிர்மறைக் கூற்றுகளை எடுத்துவிட்டு, 'எனக்குத் திறமை உண்டு', 'நான் திறமைசாலி' என்று ஒன்றையே இரண்டு மூன்று விதமாக எழுதினால் ஆல்பா உயரும். ஆனால் அளவுகோல் தன்மதிப்பை விட்டுவிட்டுத் திறமை பற்றிய எண்ணத்தை மட்டும் அளக்கத் தொடங்கியிருக்கும். என்னைக் கேட்டால், மிக உயர்ந்த ஆல்பாதான் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியது.

ஆகவே ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி மூலமொழிக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு சிலரை அருகில் அமர்த்தி, விடையைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். அவையடக்கத்தால் குறைத்துச் சொல்பவரும் தம்மை உண்மையிலேயே தாழ்வாக எண்ணுபவரும் ஒரே கட்டத்தில் குறியிடக்கூடும் என்பது அங்கேதான் தெரியவரும்.

மதிப்பெண்கள் காலப்போக்கில் நிலையாக இருக்கின்றனவா என்றறிய இரண்டு வாரம் கழித்து அதே நபர்களிடம் மீண்டும் அளக்கும்போது, ஒட்டுறவுக் கெழுவோடு (இரு முறை மதிப்பெண்களும் எவ்வளவு இணைந்து ஏறி இறங்குகின்றன என்னும் எண்) சராசரியையும் ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் சரியாக 3 மதிப்பெண் கூடியிருந்தாலும் ஒட்டுறவு 1 என்றே வரும்.

ஏற்புடைமைக்கு இப்படி ஒற்றை எண் கிடையாது. உளவியலாளர்கள் குரோன்பாக்கும் மீலும் 1955-இல் விளக்கியபடி, கோட்பாடு எதிர்பார்க்கும் உறவுகளைச் சோதித்துச் சோதித்தே அதற்குச் சான்று சேர்க்க வேண்டும். மனச்சோர்வு அளவுகோலோடு எதிர்த்திசை உறவு, தொடர்பற்ற ஒரு பண்போடு மிகக் குறைந்த உறவு என எதிர்பார்ப்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதி வையுங்கள். முடிவை எழுதுகையில் 'இந்த அளவுகோல் நம்பகமானது' என்னாமல், 'இந்த ஆய்வில் பங்கேற்றவர்களிடம் கிடைத்த மதிப்பெண்களின் ஆல்பா இவ்வளவு' என்று எழுதுங்கள். கல்லூரி மாணவர்களிடம் கிடைத்த மதிப்பு முதியோர் இல்லத்திலும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.