பிக்-பிளாக் காருக்கு ஹெட்டும் ஹெடரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஒரு ஜோடி நல்ல அலுமினிய சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் பகுதி) வாங்க இன்று இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும். புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பான ஹெடர், இடுக்குகளை அடைக்கும் கேஸ்கட், வால்வைத் திறக்க உதவும் தண்டான புஷ்ராட், ஆள்கூலி எல்லாம் தனி. இவ்வளவு கொட்டிய பிறகும் சிக்னலில் இருந்து கிளம்பும்போது வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய. ஹெட்டில் குறையில்லை, ஹெடரிலும் குறையில்லை, என்ஜினும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் சிக்கல்.

பிக்-பிளாக் என்றால் பெரிய உருவ அமெரிக்க வி8 என்ஜின். அதில் ஃபோர்டு 460, மோப்பார் 440 எல்லாமே உண்டு. நான் இங்கே பேசுவது செவ்ரலேயைப் பற்றி. 1965-ல் 396 கன அங்குலக் கொள்ளளவில் வந்த மார்க் 4 குடும்பம் அது. மறு வருடம் 427, 1970-ல் 454 என்று பெருத்தது. அந்த 454-ஐ ஒரு ஷெவெல் காரில் வைத்து, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுகிறவரை மனதில் வைத்துக்கொள்வோம். பந்தயத் திடலுக்கு மட்டும் போகிற வண்டிக்குக் கணக்கே வேறு.

பெரிய போர்ட் மோகம்

போர்ட் என்பது ஹெட்டுக்குள் காற்று போகும் வழி. 1970 ஷெவெல் எஸ்எஸ்ஸில் இரண்டு விதமான 454 வந்தது. எல்எஸ்5-க்கு 360 குதிரைத்திறன், ஓவல் போர்ட் ஹெட். எல்எஸ்6-க்கு 450 குதிரைத்திறன், செவ்வக போர்ட் ஹெட். இந்த இரண்டு எண்களையும் பார்த்த எவருக்கும் செவ்வக போர்ட் மேல்தான் ஆசை போகும். ஆனால் எல்எஸ்6-இல் 11.25-க்கு 1 கம்ப்ரெஷன் (கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்படும் விகிதம்) இருந்தது, சாலிட் லிஃப்டர் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு; அதன் அசைவைப் புஷ்ராடுக்குக் கடத்துவது லிஃப்டர்) இருந்தது, அன்றைய ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலும் கிடைத்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் எடுத்து மாட்டினால் அந்தச் சக்தி வராது.

கம்பெனி செவ்வக போர்ட்டின் உள்ளளவு ஏறக்குறைய 320 சிசி. போர்ட் பெரிதாக ஆக, குறைந்த ஆர்பிஎம்மில் அதற்குள் காற்று ஓடும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெட்ரோல் காற்றோடு சரியாகக் கலக்காமல் போர்ட் சுவரில் ஒட்டி வழியும், சிலிண்டர் முழுதாக நிரம்பாது. விளைவு, ஐட்லிங்கில் தடுமாற்றம், கீழே பிக்கப் இல்லை, மைலேஜும் போச்சு.

வண்டி உண்மையில் எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்பக்க கியர் விகிதம் 3.31, டயர் உயரம் 27 அங்குலம், டாப் கியரில் மணிக்கு 70 மைல் என்றால் என்ஜின் சுமார் 2900 ஆர்பிஎம்மில் சுற்றும். ஊருக்குள் அதைவிடக் குறைவு. 6500 ஆர்பிஎம்மில் உச்சம் தொடும் ஹெட்டுக்கு இந்த வண்டியில் வேலையே இல்லை.

இன்றைய ஓவல் போர்ட் ஹெட்டுகள் பழைய ஓவல் போர்ட்டைப் போல மூச்சுத் திணறுகிறவை அல்ல. ஏஎஃப்ஆர் நிறுவனத்தின் 265 சிசி, எடெல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்பிஎம்மின் 290 சிசி போன்றவை ஒரு சாலை 454-க்குத் தாராளம். 6000 ஆர்பிஎம்மைத் தாண்டாத 454-க்கு ஓவல் போர்ட்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 4.25 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கிராங்க் போட்டு 496 ஆக்கியவர்கள் 305, 315 சிசி என்று யோசிக்கலாம். அந்த என்ஜின் இழுக்கும் காற்று அதிகம்.

காற்றை ஹெட்டுக்குக் கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டும் ஹெட்டோடு பொருந்த வேண்டும். செவ்வக மேனிஃபோல்டை ஓவல் ஹெட்டில் வைத்தால் இரண்டும் சேருமிடத்தில் படிபோல ஒரு தடுப்பு நிற்கும்.

ஹெட்டின் காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்ச் எண்களும் இதே மோகத்தைத் தூண்டிவிடும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது 0.700 அங்குல லிஃப்டில் வந்த அளவு. உங்கள் கேமின் லிஃப்ட் 0.550 என்றால் வால்வு ஒருநாளும் அந்த உயரத்துக்குத் திறக்கப்போவதில்லை. 0.300 முதல் 0.500 வரையிலான எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் 28 அங்குல நீர் அழுத்தத்தில் எடுத்த அளவுகளை மட்டும் ஒன்றோடொன்று வையுங்கள்.

சேம்பர் அளவைப் பார்க்காமல் வாங்குவது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. போர்ட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், ஹெட்டில் பெட்ரோல் எரியும் குழியான கம்பஸ்டன் சேம்பரின் அளவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

தட்டையான பிஸ்டன் போட்ட சாதாரண 454-ஐ எடுப்போம். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 4.25 அங்குலம், ஸ்ட்ரோக் 4.00 அங்குலம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 930 சிசி. பிஸ்டனின் வால்வு குழிக்கு 3 சிசி, 0.039 அங்குல கேஸ்கட்டுக்கு 9.6 சிசி, பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு 0.020 அங்குலம் கீழே நிற்பதால் 4.7 சிசி. இதன்மேல் 119 சிசி சேம்பர் உள்ள ஹெட்டை வைத்தால் கம்ப்ரெஷன் 7.8 தான். 110 சிசி சேம்பர் என்றால் 8.3. 100 சிசி என்றால் 8.9. அதே என்ஜின், அதே பிஸ்டன், ஹெட் மட்டும்தான் வேறு. 7.8-இல் ஓடும் என்ஜினில் பெரிய கேம் போட்டால் அது ஒரேயடியாகச் செத்துவிடும்.

குமிழ் வைத்த டோம் பிஸ்டன் இருந்தால் ஆபத்து எதிர்ப்பக்கம். அகன்ற ஓப்பன் சேம்பருக்காகச் செய்த டோம், குறுகிய குளோஸ்டு சேம்பர் ஹெட்டில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் கம்ப்ரெஷன் எகிறி, பம்பில் கிடைக்கும் 91, 93 ஆக்டேன் பெட்ரோலில் கலவை தானாகப் பற்றி வெடித்து என்ஜின் நாக் அடிக்கும். அலுமினிய ஹெட், நல்ல குவென்ச் இடைவெளி, அதாவது பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே சுமார் 0.040 அங்குலம், இவை இருந்தால் 10-க்குக் கொஞ்சம் மேல்வரை போகலாம். எனவே ஹெட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் உள்ளே இருப்பது எந்த பிஸ்டன் என்று தெரிந்தாக வேண்டும். பழைய உரிமையாளர் சொன்னதை நம்பாமல், இருக்கிற ஹெட்டைக் கழற்றிப் பார்த்து அளந்துவிடுங்கள்.

பிளாக்கையும் பாருங்கள். 396-இன் போர் 4.094 அங்குலம். 454-க்காகச் செய்த பெரிய வால்வு அதில் சிலிண்டர் சுவரை ஒட்டி நிற்கும், காற்று சுற்றி வர இடம் இருக்காது. ஒவ்வொரு ஹெட்டுக்கும் குறைந்தபட்ச போர் அளவை உற்பத்தியாளர் குறிப்பிட்டிருப்பார். 1991 முதல் வந்த ஜென் 5, ஜென் 6 பிளாக்குகளில் கூலன்ட் துளைகள் மார்க் 4-இல் இருப்பதுபோல இல்லை. தவறான கேஸ்கட் போட்டால் கூலன்ட் லிஃப்டர் இருக்கும் பள்ளத்தில் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். 2001-இல் வந்த 8.1 லிட்டர் என்ஜினுக்கு ஹெட் போல்ட் அமைப்பே வேறு, பழைய ஹெட் எதுவும் ஏறாது.

அப்புறம் வால்வு ஸ்பிரிங். முழுதாகப் பூட்டி விற்கும் ஹெட்டில் என்ன ஸ்பிரிங் இருக்கிறது என்று கேளுங்கள். உருளை வைத்த லிஃப்டரோடு ஓடும் ரோலர் கேமுக்கான கடின ஸ்பிரிங்கோடு, தட்டை அடி லிஃப்டரோடு ஓடும் புதிய ஃப்ளாட் டாப்பெட் கேமை ஓட்டினால், முதல் அரை மணி நேரத்திலேயே கேம் லோப் (லிஃப்டரைத் தள்ளும் மேடு) தேய்ந்துவிட வாய்ப்பு உண்டு. புஷ்ராட் நீளத்தை அளந்துதான் வாங்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்துப் பாருங்கள். இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்டில் 0.100 அங்குலமாவது வேண்டும். பழைய இரும்பு ஹெட்டின் ஸ்பார்க் பிளக்கை அலுமினிய ஹெட்டில் அப்படியே திருகக் கூடாது, மரை நீளம் வேறாக இருக்கும்.

ஹெடரைத் தனியாகத் தேர்ந்தெடுப்பது

ஹெட்டை ஒரு மாதமும் ஹெடரை இன்னொரு மாதமும் ஆர்டர் செய்கிறவர்களுக்குத்தான் அதிகத் தலைவலி. சில ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் போர்ட் கம்பெனி இடத்தைவிட உயர்த்தப்பட்டிருக்கும். புகை நேராக வெளியேற அது நல்லதுதான். ஆனால் ஹெடர் அத்தனையும் அதே அளவு மேலே ஏறும். கம்பெனி இடத்துக்காக வளைத்த குழாய் அப்போது ஸ்டியரிங் பாக்ஸிலோ சேஸிஸிலோ முட்டும். ஸ்பார்க் பிளக்கின் கோணம் மாறியிருந்தால், பிளக் தொப்பி குழாயை ஒட்டி நின்று சில நாளில் உருகிவிடும். ஹெட் விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எக்ஸாஸ்ட் போர்ட் கம்பெனி இடத்திலேயே இருக்கிறதா, பிளக் நேராகவா சாய்வாகவா? அந்தப் பதிலோடு ஹெடர் செய்பவரிடம் பேசுங்கள். காரின் மாடல், வருடம், கியர்பாக்ஸ், பவர் ஸ்டியரிங் உண்டா என்பதையும் சொல்லுங்கள். கிளட்ச் வண்டியாக இருந்தால், பெடலைக் கிளட்ச்சோடு இணைக்கும் இசட்-பார் குழாய்க்கு நடுவே ஆட இடம் வேண்டும்.

குழாய் பருமனிலும் பெரியதே நல்லது என்ற எண்ணம் எடுபடாது. 1 3/4 அங்குலக் குழாயோடு ஒப்பிட்டால் 2 அங்குலக் குழாயின் உட்பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கால் அங்குலம்தானே என்று நினைக்கும் இடத்தில் புகையின் வேகம் அந்த அளவுக்குப் படுத்துவிடும். மிதமான கேம் போட்ட 454-க்கு 1 3/4 அல்லது 1 7/8 போதும். 500 குதிரைத்திறனைத் தாண்டும்போதுதான் 2 அங்குலம் பற்றிப் பேச வேண்டும். பெரிய ஹெடரைப் போட்டுவிட்டு அதன் பின்னால் பழைய 2 1/4 அங்குலக் குழாயையே விட்டுவைத்தால் செலவு வீண். 2 1/2 அல்லது 3 அங்குல இரட்டைக் குழாய், நடுவில் எக்ஸ் அல்லது எச் இணைப்பு என்று கடைசிவரை திட்டமிடுங்கள்.

நீளக் குழாய் ஹெடர் தரைக்கு நெருக்கமாகத் தொங்கும். ஸ்பிரிங் தாழ்த்திய காரில் ஒவ்வொரு வேகத்தடையிலும், குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர் உரசும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூட்டில் வேகும், சிறிய ஸ்டார்ட்டர் போடுவது நல்லது. சூட்டைக் குறைக்க சாதாரண இரும்பு ஹெடரில் நாடா சுற்றாதீர்கள். ஈரம் உள்ளே தங்கித் துருவேறும். செராமிக் பூச்சுக்குக் காசு கூடினாலும் அதுதான் நிலைக்கும்.

கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976-இல் இருந்து வந்த வண்டி என்றால் மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் உள்ள ஹெடர்தான் போட வேண்டும். இதை வாங்கும் முன்பே பாருங்கள்.

மாட்டிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. முதல் தடவை என்ஜின் நன்றாகச் சூடாகி முழுதாக ஆறியதும் ஹெடர் போல்ட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். சூட்டில் கேஸ்கட் அமுங்கி போல்ட் தளர்ந்திருக்கும். இதை விட்டுவிட்டால் காலையில் குளிர்ந்த என்ஜினில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், சூடானதும் குறைந்துவிடும். லிஃப்டர் சத்தம் என்று நினைத்து வால்வு கவரைக் கழற்றி, வால்வை அமுக்கும் ராக்கரை நோண்ட ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் ஹெடர் ஹெட்டோடு சேரும் ஃப்ளாஞ்சைச் சுற்றிப் பாருங்கள். புகை கசியும் இடத்தில் கேஸ்கட் ஓரமாகக் கரி படிந்திருக்கும்.