"அந்த நீலப் பை உங்ககிட்ட தானே?": பிள்ளைங்களோட டூர் போறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ஒரு ரயில் பிளாட்பாரத்துல ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். ரெண்டு சின்னப் பசங்க, அப்பா, அம்மா, கூட பெரியம்மா மாதிரி ஒருத்தங்க, பை மட்டும் ஏழெட்டு இருக்கும். வண்டி வந்துச்சு, அடிச்சுப் பிடிச்சு ஏறிட்டாங்க. ஏறினதுக்கு அப்புறம் அந்த அப்பா "பால் பாட்டில் பை எங்க?"ன்னு கேட்டாரு பாருங்க, மூணு பெரியவங்களும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும், எங்க வீட்டுலயே பார்த்திருக்கேன். பை பெஞ்சு மேலயே தான் இருந்துச்சு, நான் தான் எடுத்து ஜன்னல் வழியா குடுத்தேன்.

அன்னைக்கே எழுதணும்னு தோணுச்சு. லிஸ்ட் போடுங்க, சீக்கிரம் கிளம்புங்க, மாத்துத் துணி ரெண்டு செட் கூட வைங்கன்னு சொல்லப் போறதில்ல, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். லிஸ்ட் போட்டுட்டுப் போயும் ஏன் சொதப்புதுன்னு தான் சொல்ல வர்றேன்.

ஆளுக்கொரு பெட்டி

பார்க்க அழகா இருக்கும், அம்மாவுக்கு ஒன்னு, அப்பாவுக்கு ஒன்னு, பசங்களுக்கு ஒன்னு. ராத்திரி பதினோரு மணிக்கு ரூமுக்குப் போய்ச் சேர்ந்து, தூங்குற குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு பல் தேய்க்கிற பிரஷ் ஒரு பெட்டியில, நைட் டிரஸ் இன்னொரு பெட்டியில, டயப்பர் மூணாவதுலன்னு எல்லாத்தையும் தரையில பிரிச்சுப் போடும்போது தான் தெரியும். அதை விட மோசம், ஃப்ளைட்ல வர்றப்ப அந்த பசங்க பெட்டி மட்டும் வரலன்னா? சர்வதேச விமானப் பயணத்துல 21 நாள் ஆகியும் வரலன்னா தான் பெட்டி தொலைஞ்சதா கணக்கு. அதுவரைக்கும் பிள்ளைங்க ஜட்டிக்கு எங்க போறது?

இப்ப நாங்க எல்லா பெட்டியிலயும் எல்லார் துணியும் ஒவ்வொரு செட் கலந்து வைக்கிறோம். அது போக "முதல் ராத்திரி பை"ன்னு சின்னதா ஒன்னு, போய்ச் சேர்ந்ததும் அதை மட்டும் திறந்தா போதும், மத்ததெல்லாம் காலையில பார்த்துக்கலாம்.

"நீ வச்சிருக்கேன்னு நினைச்சேன்"

இதைப் பத்தி தான் எழுத உக்கார்ந்தேன், மத்ததெல்லாம் சும்மா.

சின்னவனுக்கு அப்ப நாலு வயசு, குளிர் காத்து பட்டா வீசிங் வரும். அவனோட இன்ஹேலர், அதுல மாட்டி மருந்தை இழுக்குற குழாய் (ஸ்பேசர்), டாக்டர் சீட்டு, திரும்பி வர்ற டிக்கெட் எல்லாம் ஒரு நீலப் பையில. முக்கியமானது எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்னு நான் தான் அப்படி வச்சேன், அது ஒரு தப்பு, சரி. ரயில்ல இறங்கி பஸ் மாறணும், நடுவுல ஒன்றரை மணி நேரம் வெயிட்டிங் ஹால்ல உக்கார்ந்திருக்கோம். பெரியவள பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும்னு பைய எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்தேன். நான் வர்றதுக்குள்ள அவர் தண்ணி பாட்டில் வாங்க எழுந்தாரு, பைய என் தம்பி பக்கத்து சீட்டுல வச்சுட்டுப் போனாரு. தம்பி போன்ல பேசிக்கிட்டு இருந்தான், பார்த்திருப்பான்னு இவர் நினைச்சுக்கிட்டாரு. நான் திரும்பி வந்தப்ப பை அவர்கிட்ட இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டோம்.

மூணு மணி நேரம் கழிச்சு மலை மேல ஏறும்போது சின்னவன் இரும ஆரம்பிச்சான்.

"ஏங்க, அந்த நீலப் பை உங்ககிட்ட தானே?"

"இல்லையே, நீ தானே வச்சிருந்த?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தம்பியப் பார்த்தோம். "அக்கா, சத்தியமா எனக்கு எதுவும் தெரியாதுக்கா"ன்னான்.

ராத்திரி ஒன்பதரை மணிக்கு தெரியாத ஊர்ல மெடிக்கல் ஷாப் தேடி அலைஞ்சோம். சீட்டு கையில இல்ல. மருந்து பேரு கேட்டா நீலக் கலர்ல இருக்கும்னு தான் சொல்லத் தெரியுது, கடைக்காரர் நீலத்துலயே ரெண்டு மூணு எடுத்து வைக்கிறாரு. கடைசியில ஒரு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி நெபுலைசர் வச்சு, பையன் தூங்கும்போது மணி ஒன்னு. அடுத்த நாள் இவர் பஸ் பிடிச்சு கீழ போய்ப் பார்த்தா பை இல்ல. அஞ்சு நாள் டூர்ல ஒன்றரை நாள் போச்சு, டிக்கெட்டுக்கு வேற அலைச்சல், மீதி நாள் பூரா யாரும் யார்கூடயும் சரியா பேசல.

இன்னைக்கு நினைச்சாலும் எரிச்சல் வரும். பை போனதுல இல்ல, மூணு பேர்ல ஒருத்தர் கூட பொய் சொல்லல, ஒருத்தர் கூட அலட்சியமா இருக்கல, அப்படியும் போச்சே, அதுல தான். ஒருத்தர் மேல பழி போட முடிஞ்சிருந்தா கூட மனசு ஆறியிருக்கும்!

அப்புறம் யோசிச்சுப் பார்த்தா ஒன்னு புரிஞ்சுது. நான் தனியா ரெண்டு பசங்களையும் கூட்டிட்டுப் போன பயணங்கள்ல இதுவரைக்கும் ஒரு கர்ச்சீப் கூட தொலைஞ்சதில்ல. பெரியவங்க எண்ணிக்கை கூடக் கூட தான் தொலையுது. தனியா இருந்தா எல்லாம் என் தலையில, மூணு பேரா இருந்தா மத்த ரெண்டு பேர் பார்த்துக்குவாங்கன்னு மூணு பேருமே நினைச்சுக்குவோம்.

அதனால இப்ப வீட்டுல ரெண்டே ரெண்டு பழக்கம். பைய யார்கிட்டயும் சும்மா வைக்கக் கூடாது, வாயத் திறந்து "உன்கிட்ட குடுத்துட்டேன்"னு சொல்லணும், அந்தப் பக்கம் "வாங்கிட்டேன்"னு பதில் வரணும். பதில் வரலன்னா பை இன்னும் என்கிட்ட தான் இருக்குன்னு அர்த்தம். முதல்ல சிரிச்சாங்க, இப்ப பசங்களே சொல்றாங்க. ரெண்டாவது, கிளம்பும்போதே பை எத்தனைன்னு ஒரு நம்பர். எங்களுக்கு ஆறு. எங்க இறங்கினாலும் எங்க ஏறினாலும் சத்தமா எண்ணுறது, ஆறு வராம ஒரு அடி நகரக் கூடாது. நடுவுல ஏதாவது வாங்கினா அதை இருக்குற பைக்குள்ள தான் திணிக்கணும், கையில தனியா இன்னொரு கவர் சேர்ந்துச்சுன்னா நம்பர் குழம்பிடும்.

இதே கதை குழந்தை விஷயத்துல நடந்தா என்ன ஆகும்னு யோசிங்க. நீச்சல் குளம், கடற்கரையில ஆறு பெரியவங்க சுத்தி உக்கார்ந்திருப்பாங்க, எல்லாரும் பார்த்துக்கிட்டு தான் இருப்பாங்க, அதாவது யாரும் பார்க்கல. தண்ணிக்குள்ள முழுகுற குழந்தை கைய ஆட்டி கத்தும்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் சத்தமே வராது, மூச்சு விடவே வாய் மேல வரலன்னா எங்க கத்துறது. அதனால முறை போட்டுப் பார்க்கணும், ஒரு நேரத்துல ஒருத்தர், அவர் கையில போன் இருக்கக் கூடாது, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கணும். நாங்க ஒரு சிவப்பு பேண்ட் வச்சிருக்கோம், அது யார் கையில இருக்கோ அவங்க தான் டியூட்டி. கழட்டி அடுத்தவங்க கையில மாட்டி விடுற வரைக்கும் எழுந்துக்கவே முடியாது.

காய்ச்சல் மருந்து ரெண்டு தடவை

இதுவும் மேல சொன்ன அதே மாதிரி தப்பு தான். நான் ஏழரைக்கு குடுத்துட்டுக் குளிக்கப் போனேன், எங்க வீட்டுக்காரர் நெத்தியத் தொட்டுப் பார்த்துட்டு எட்டு மணிக்கு இன்னொரு மூடி ஊத்தப் போனாரு, பெரியவ பார்த்து "அம்மா குடுத்துட்டாங்கப்பா"ன்னு சொன்னதால தப்பிச்சோம். பாராசிட்டமால் சிரப்புல 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்னும் வருது, 250ன்னும் வருது, ஒரே அளவு ஊத்தினா ரெண்டு மடங்கு வித்தியாசம். டோஸ் வயச விட எடைய வச்சு தான் கணக்கு, ரெண்டு வேளைக்கு நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம் விடணும். பாட்டில அட்டைப்பெட்டியோட எடுத்துட்டுப் போங்க, டாக்டர் சொன்ன அளவு, குழந்தை எடை, கடைசியா குடுத்த நேரம் மூணையும் அந்த அட்டை மேலயே பேனாவால எழுதுங்க. இடத்தை அடைக்குதுன்னு நான் முன்னாடி அந்த அட்டைய தான் முதல்ல தூக்கிப் போடுவேன்.

வாந்தி மாத்திரைய வாந்தி எடுத்த பிறகு குடுத்துப் பிரயோஜனம் இல்ல, வண்டி ஏறுறதுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள போயிருக்கணும். எது, எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

"எல்லாம் போன்ல இருக்கு"

போன்ல சார்ஜ் இல்ல. பையன் கார்ட்டூன் பார்த்துட்டான்.

பேப்பர்ல ஒரு பிரிண்ட், ரெண்டு பெரியவங்க கையிலயும் ஆளுக்கு ஒன்னு. பவர் பேங்க் இருக்குன்னு சொல்லுவீங்க, ஃப்ளைட்ல அதை பெரிய பெட்டிக்குள்ள போட்டு லக்கேஜ்ல விடக் கூடாது, கைப்பையில தான் வரணும். கவுண்டர்ல பெட்டியக் குடுத்துட்டு அப்புறம் ஞாபகம் வந்து ஓடுறவங்கள எப்பவும் பார்க்கலாம்.

பாஸ்போர்ட் தேதி

பல நாடுகள்ல பெரியவங்களுக்கு 10 வருஷம், குழந்தைங்களுக்கு 5 வருஷம் தான். நம்மளுது இருக்கேன்னு அவங்களுதும் இருக்கும்னு நினைச்சுடுறோம். ஆறு மாசம் பாக்கி இருக்கணும்னு கேக்குற நாடுகள் நிறைய, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே பாருங்க.

புது ஷூ

வேண்டாம்.

குழந்தைக்கு முதுகு நிறைய பை

அரை மணி நேரத்துல அது உங்க தோளுக்கு வந்துடும். அவங்க எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகாம, அவங்களே தூக்குற மாதிரி இருந்தா மட்டும் குடுங்க. அதுக்குள்ள உங்க போன் நம்பர் எழுதின ஒரு சீட்டு இருக்கட்டும், பேரை வெளியில பெருசா எழுதாதீங்க, யாரோ தெரியாதவங்க பேரு சொல்லிக் கூப்பிட்டா குழந்தை தெரிஞ்சவங்கன்னு நம்பிடும்.

திரும்பக் கிளம்புற நாள் காலையில எல்லாரும் சேர்ந்து பேக் பண்றது

போறப்ப இருக்குற கவனம் வர்றப்ப இருக்காது. ஆளாளுக்கு கைக்குக் கிடைச்சதைப் போடுறது, பசங்க போட்டதை வெளிய எடுக்குறது. இப்ப ஒருத்தர் பசங்கள வெளிய கூட்டிட்டுப் போயிடுவோம், ஒருத்தர் மட்டும் ரூம்ல. சுவத்து பிளக்குல சார்ஜர், பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி ஈரத் துண்டு, போர்வைக்குள்ள பொம்மை, இந்த மூணு இடத்தையும் கையால தடவிப் பார்த்துட்டு தான் கதவைப் பூட்டணும்.

போன தடவை எண்ணுற வேலைய சின்னவன்கிட்ட விட்டோம். ரிசப்ஷன்ல நின்னு கணீர்னு "ஆறு!"ன்னான், சரின்னு வண்டியில ஏறிட்டோம். பாதி வழியில பார்த்தா ஹோட்டல்காரங்க குடையையும் சேர்த்து எண்ணியிருக்கான், எங்க வீட்டுக்காரர் பை மாடியிலயே இருக்கு.