ரசம் உங்களுக்கு, கொள்ளு மாட்டுக்கா?

கிருஷ்ணகிரியில் காலை நடைக்கு என்னோடு வரும் பெண்கள் இருவர் போன வாரம் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தார்கள். என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்பு நான் சாப்பிட்டதே அப்படியே. போண்டா, பரோட்டா வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். உடம்பு இளைக்கிறேன் என்று நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

கொள்ளுத் தண்ணீரே போதும் என்பது

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதைப் பிடித்துக்கொண்டு தினமும் ஒரு கைப்பிடி கொள்ளு வேகவைப்பேன். வடித்த தண்ணீரில் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு ரசம். வெந்த பயறு வாயு, கொழுப்பைக் கரைப்பது தண்ணீர்தான் என்று யாரோ சொன்னதை நம்பி, அதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடுவேன். காலையும் இரவும் ராகிக் கூழ், மதியம் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் பொரியல்.

மூன்று மாதத்தில் 7 கிலோ இறங்கியது. ஊரே பாராட்டியது. நான்காவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஷாம்பூவை மூன்று முறை மாற்றினேன். மாடு மட்டும் நல்ல வாட்டசாட்டமாக இருந்தது.

100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். அதில் பெரும்பங்கு பயறிலேயே நின்றுவிடும், ரசத்தில் இறங்குவது கொஞ்சம்தான். நம் உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. 64 கிலோ இருந்த எனக்கு 53 கிராம். அதில் பாதிகூட உள்ளே போயிருக்காது. அப்படிக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்து வருவதால் சாப்பாட்டின் மேல் சந்தேகமே வராது.

இப்போது 50 கிராம் கொள்ளைக் கடைந்து சாப்பிடுகிறேன். 160 கலோரிக்கு 11 கிராம் புரதம். கூட இரண்டு முட்டை, தயிர், மாலையில் மொச்சைச் சுண்டல். குறைக்க வேண்டியது சோற்றையும் களியையும், பயறை அல்ல.

ராகிக்கு அளவில்லை என்பது

சுண்ணாம்புச்சத்தில் ராகியை மிஞ்சும் தானியம் இல்லை, சரி. ஆனால் கலோரியில் அரிசிக்குக் கொஞ்சம்தான் குறைவு. 100 கிராம் மாவில் புரதம் 7 கிராம், பி12 சுத்தமாகக் கிடையாது. பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும்.

எண்ணெயே இல்லாத சமையல்

ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன் எண்ணெய் ஊற்றுங்கள்.

சாப்பிட்ட கையோடு டீ

கீரையின் இரும்புச்சத்தை டீ உடம்பில் சரியாகச் சேர விடாது, முருங்கைக்கீரை தின்ற பலன் போச்சு. ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இரவுக்கு மாம்பழம் மட்டும்

வேண்டாம். நானும் இந்த மாம்பழ ஊர்தான், கஷ்டம் தெரியும்.

ஒரு நாளைக்கு 1200 கலோரிக்குக் கீழே

நீங்களாகப் போகாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட மாற்ற வேண்டாம்.