சீட் தருகிறோம் என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

அரசியலுக்கு வரும் பெண்ணை வாக்காளர்தான் தோற்கடிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே கதை முடிந்துவிடும், கட்சிக்குள் நாலு பேர் உட்கார்ந்து யாருக்கு எந்தத் தொகுதி என்று பிரிக்கிறார்களே, அங்கே. அதனால் அந்த நாலு பேர் யார், எப்போது கூடுவார்கள், யார் சொன்னால் கேட்பார்கள் என்பதைத் தேர்தலுக்கு ஓரிரு வருடம் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்காக வாய் திறக்க ஒரு ஆளாவது அந்த அறைக்குள் இருக்க வேண்டும்.

சரி, சீட் கிடைத்துவிட்டது. வாழ்த்துகளை வாங்கிக்கொள்வதற்கு முன், கடந்த மூன்று தேர்தல்களில் கட்சி அங்கே எத்தனை ஓட்டு வாங்கியது என்று பாருங்கள். தோற்கிற தொகுதியைப் பெண் தலையில் கட்டிவிட்டு, நாங்களும் பெண்களை நிறுத்தினோம் என்று கணக்குக் காட்டுவது பழைய வித்தை. ஆண், பெண் வேட்பாளர்களைச் சம எண்ணிக்கையில் நிறுத்தச் சொல்லும் சமநிலைச் சட்டம் பிரான்ஸில் 2000-ல் வந்த பிறகும், அபராதம் கட்டினாலும் பரவாயில்லை என்று பெரிய கட்சிகள் ஆண்களையே அதிகம் நிறுத்தின. மெக்சிகோவில் இன்னும் மோசம்: 2009-ல் ஜெயித்த பெண்கள் சிலர் பதவியேற்ற கையோடு விலகி, தங்களோடு மாற்று உறுப்பினராகத் தேர்வாகியிருந்த ஆண்களுக்கு இடம் விட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ‘ஹுவானிட்டா’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. உங்கள் நாட்டில் கட்சிப் பட்டியல் முறை (கட்சிக்கு விழும் ஓட்டுக்கு ஏற்ப, அதன் வேட்பாளர் பட்டியலில் மேலிருந்து இடம் தரும் முறை) என்றால், உங்கள் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, மாற்று ஆள் யார், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அர்ஜென்டினாவின் 1991 சட்டம் பெண்களை ஜெயிக்க வாய்ப்புள்ள இடத்தில் வைக்கச் சொன்னது சும்மா இல்லை.

அப்புறம் பணம். கடைசி வாரத்தில் வரும் பெரிய தொகையைவிட முதல் மாதத்தில் வரும் சிறிய தொகைக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கொடுப்பார்கள். பெண் வேட்பாளர்களுக்கு நிதி திரட்ட அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய எமிலிஸ் லிஸ்ட் (EMILY's List) அமைப்பின் பெயரிலேயே இந்த யோசனை இருக்கிறது: EMILY என்பது ‘Early Money Is Like Yeast’ என்பதன் சுருக்கம், அதாவது ஆரம்பப் பணம் மாவை உப்பவைக்கும் ஈஸ்ட் மாதிரி.

குழந்தை இருக்கிறதா? அதே நாட்டில் 2018-ல் ஒரு வேட்பாளர் தேர்தல் ஆணையத்திடம் எழுதிக் கேட்டு, பிரசார நிதியிலிருந்தே குழந்தைப் பராமரிப்புச் செலவு செய்ய அனுமதி வாங்கினார். உங்கள் ஆணையத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.

வசவு நிச்சயம் வரும். நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியம் 2016-ல் 39 நாடுகளின் 55 பெண் உறுப்பினர்களிடம் கேட்டபோது, 80 சதவீதத்துக்கும் மேல் மனரீதியான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் நீங்களே படிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் சமூக ஊடகக் கணக்கைக் கொடுத்து, மிரட்டல்களை மட்டும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், புகார் கொடுக்கும் நாளில் அதுதான் கை கொடுக்கும்.