பழைய ஸ்பீக்கருக்கு ஃப்யூஸ் தேடிய கதை

எழுபதுகளில் தயாரான, 8 ஓம், 50 வாட் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை நான் பழையதாக வாங்கியிருந்தேன். அதில் இடப்பக்கப் பெட்டி மட்டும் இருபது நிமிடம் பாடியபின் மௌனமாகிவிடும். முதுகில் தட்டினால் மீண்டும் ஒலிக்கும். ஒயர்களை இடம் வலமாக மாற்றியும் கோளாறு அதே பெட்டியில்தான் இருந்ததால், ஆம்ப்ளிஃபயர் காரணமல்ல என்று தெரிந்தது. தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றின் கப்பாசிட்டரை மாற்றியதில் ஒரு ஞாயிறு வீணானது.

பின்புறக் கண்ணாடி ஃப்யூஸின் கம்பி முழுதாகத் தெரிந்ததால் அதை நான் சந்தேகிக்கவே இல்லை. கடைசியில் அதைக் கழற்றி, மல்டிமீட்டர் முனைகளைப் பிடித்தபடி பென்சிலால் தட்டியபோது அளவு துள்ளியது. மூடிக்குள் இருந்த ஈயப்பற்று விட்டிருந்தது. மூடியில் பொடி எழுத்தில் "டி 5ஏ" என்றிருந்தது. டி என்றால் மெதுவாக எரிவது; ஸ்பீக்கருக்கு வேண்டியது வேகமாக எரியும் எஃப் வகை. முந்தைய உரிமையாளர் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்க வேண்டும்.

50 வாட்டை 8 ஓமால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ஸ்பீக்கர் தாங்கும் மின்னோட்டம் 2.5 ஆம்பியர் என்று வரும். ஆனால் எஃப் வகையின் வழக்கமான தர அளவுப்படி, குறித்த மின்னோட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கை அது ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும், அப்படியானால் 2.5 ஆம்பியர் ஃப்யூஸ் ஏறக்குறைய 112 வாட்டை விட்டுவிடும். அதே கணக்கில் 1.6 ஆம்பியர் ஃப்யூஸ் விடுவது 46 வாட்தான். அதையே வாங்கி, ஃப்யூஸ் பிடிப்பின் பச்சைக் களிம்பைச் சுரண்டிவிட்டுப் பொருத்தினேன். மூன்று வாரமாகத் தடங்கலின்றிப் பாடுகிறது.