கடலோரத்துப் பெண் தொழிலாளர்களுக்குப் பாலியல் தொல்லை சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பது எப்படி

வக்கீலாக இருந்துவிட்டு இப்போது மண்டபம், பாம்பன், தொண்டி, வாலிநோக்கம் பக்கம் வகுப்பு எடுக்கிறேன். பாலியல் தொல்லை வழக்கு கோர்ட்டுக்கு வரும் நேரத்தில் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு வேலை போயிருக்கும், ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள், புகார் கொடுக்க வேண்டிய கெடுவும் தாண்டியிருக்கும். அதற்கு முன்னாலேயே அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். இதே வேலையைச் செய்ய நினைக்கும் இளம் வக்கீல்களுக்கும் தொண்டு நிறுவனக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள், வகுப்பு அப்புறம். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க முதலாளி ஒரு உள் குழு அமைக்க வேண்டும், அதற்குத் தலைவர் ஒரு பெண்தான், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர் குழுவிடம் போக வேண்டும். நம் கரையோரத்துக் கருவாட்டுக் களம், சின்ன ஷெட் எல்லாம் இந்த இரண்டாவது வகைதான். அதனால் உள்ளூர் குழுவின் தலைவர் யார், உங்கள் தாலுகாவில் புகார் வாங்கும் பொறுப்பு அதிகாரி யார், போன் நம்பர் என்ன என்று சமூக நல அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால், எல்லா மாவட்டத்திலும் இந்தக் குழுவை அமைக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்து உத்தரவு போட்டதை எடுத்துச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பேரும் நம்பரும் கையில் வராமல் வகுப்பு நடத்தாதீர்கள், ஏனென்றால் காகிதத்தை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு நீங்கள் சொன்ன எந்தப் பிரிவும் உதவாது.

நேரம் பார்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், இறால் ஷெட்டில் வேலை குறையும். உப்பளத்துப் பெண்களுக்கு மழை மாதங்கள்தான் ஓய்வு. தங்கச்சிமடம் பக்கம் என்றால் ஞாயிறு பூசை நேரத்தைத் தவிருங்கள், கீழக்கரை என்றால் வெள்ளி மதியத்தை. இடம் கம்பெனிக்குள் வேண்டாம். சூப்பர்வைசர் வாசலில் நின்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், அது நியாயமும் கூட.

பிரிவு எண்ணில் ஆரம்பிக்காதீர்கள். காலையில் வேன் ஏறுவதிலிருந்து சாயங்காலம் இறங்குவது வரைக்கும் ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள்: வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், ஈர உடுப்பு மாற்ற இடம் இருக்கிறதா, எடை போடும்போது யார் நிற்பார், சம்பளம் எண்ணிக் கொடுப்பவர் கையை எங்கே வைக்கிறார், ஐஸ் ரூமுக்குத் தனியாக யாரை அனுப்புகிறார்கள். இதில் பாதி நேரம் போனாலும் பரவாயில்லை. அவர்கள் சொன்ன இடங்களிலேயே சட்டத்தைப் பொருத்திக் காட்டுங்கள். முதலாளி ஏற்பாடு செய்த வேனும் பணியிடம்தான். தொடுவது, இணங்கச் சொல்லிக் கேட்பது, இரட்டை அர்த்தப் பேச்சு, போனில் ஆபாசப் படம் காட்டுவது, ‘நான் சொன்னபடி இருந்தா நாளைக்கும் வேலை உண்டு’ என்று சாடைமாடையாகச் சொல்வது, எல்லாம் இதில் வரும். தினக்கூலி, ஒப்பந்தக் கூலி, பேர் நோட்டில் இல்லாதவர் என்று சட்டம் யாரையும் தள்ளவில்லை.

சின்னப்பாலம் மாதிரி ஊர்களில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் அக்காமார்கள், ‘எங்களுக்கு முதலாளியே கிடையாதே தம்பி’ என்பார்கள். சுயமாகத் தொழில் செய்பவர்களையும் இந்தச் சட்டம் சேர்த்துத்தான் பேசுகிறது, பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலைக்காரியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதனால் எடை போடுகிற வியாபாரி தவறாக நடந்தால் உள்ளூர் குழுவுக்குப் போகலாம்.

‘உங்களில் யாருக்கு இப்படி நடந்திருக்கிறது?’ என்று கூட்டத்தில் கேட்கவே கேட்காதீர்கள். சூப்பர்வைசர் அங்கே யாரோ ஒருவருக்கு மச்சானாகவோ பக்கத்து வீடாகவோ இருப்பார். புகார் கொடுத்தவர் பேரை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வகுப்பு முடிந்ததும் உடனே கிளம்பாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருங்கள், பேச வேண்டியவர் தானாக வருவார்.

அப்புறம் எழுதிப் பழக்குங்கள். என்றைக்கு, எங்கே, யார், என்ன செய்தார், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, யார் பார்த்தது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து நடந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். ஆறு பிரதி கேட்பார்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. வாட்ஸ்அப்பில் வந்ததை அருவருப்பில் அழித்துவிட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும், அதுவரை வேறு இடத்துக்கு மாற்றவோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். ‘நிரூபிக்க முடியாவிட்டால் என்னை உள்ளே போடுவார்களா?’ என்பது எல்லோருக்கும் உள்ள பயம். போதிய சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது, இதை நிதானமாகச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்து ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது வருவார்கள். சமரசம் அந்தப் பெண் கேட்டால்தான், அதிலும் பணத்தை வைத்துப் பேசக் கூடாது என்பது சட்டம்.

ஆண்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் தனி வகுப்பு வையுங்கள். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் அதே தவறு என்றால் அபராதம் இரட்டிப்பாகும், லைசென்சே போகலாம் என்பதை நேராகச் சொல்லுங்கள். திருநங்கைகள் வேலை செய்யும் இடமென்றால் 2019ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின்படி புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

கடைசியாகப் போர்டு. குழு உறுப்பினர் பேரை ஆபீஸ் அறையில் மாட்டி வைத்தால் போதாது, பெண்கள் கை கழுவும் இடத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும், கூடவே பெண்கள் உதவி எண் 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100. குழுத் தலைவர் நம்பர் என்று எழுதியிருப்பதற்கு நீங்களே ஒரு முறை போன் போட்டு, யார் எடுக்கிறார் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.